அந்தமானுக்கு அடியில் ஒரு ‘ஸ்கேன்’

நம்பிக்கை: அந்தமானுக்கு அடியில் நெருப்புக் குழம்பு குளம் கட்டிக் கிடக்கிறது. நிலநடுக்க ஆய்வுப் படங்களில் சிவப்பாகவே தெரிகிறதே!

உண்மை: அது புகைப்படமல்ல, கணக்குப் போட்டு வரைந்தது. எங்கோ பூமி அதிர்கிறது; அந்த அலை ஒவ்வொரு நிலநடுக்கமானிக்கும் எப்போது வந்து சேர்ந்தது என்பதுதான் கையிலிருக்கும் தகவல். சிவப்பு என்றால் அலை சராசரியைவிட மெதுவாகப் போன இடம். அங்கே பாறை சூடேறியிருக்கலாம், நீர் ஊறியிருக்கலாம், கொஞ்சம் உருகியும் இருக்கலாம். அந்தமான் கடலில் உள்ள எரிமலையான பாரன் தீவு 1991-ல் மறுபடி வெடித்ததால் அதனடியில் குழம்பு உண்டென்பது நிச்சயம். ஆனால் அதற்குச் சாட்சி எரிமலை, வண்ணம் அல்ல.

நம்பிக்கை: தகவல் குறைவா? பெரிய கம்ப்யூட்டர் சரிக்கட்டிவிடும்.

உண்மை: ஒரு தாளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் போடுங்கள். கட்டத்துக்குள் 0 அல்லது 1 மட்டும். குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் 1 வரவேண்டும். மேல் இடதிலும் கீழ் வலதிலும் 1 வைத்தால் பொருந்துகிறது. மேல் வலதிலும் கீழ் இடதிலும் வைத்தாலும் பொருந்துகிறது. எந்தக் கம்ப்யூட்டர் வந்து எதைத் தேர்ந்தெடுக்கும்? மூலைவிட்டமாக ஒருமுறை கூட்டினால் தீர்ந்தது. அலை வந்து சேரும் நேரமும் இப்படி வழியெங்கும் கூட்டிய ஒரு கூட்டுத்தொகைதான்; அந்தமானில் கிடைக்காதது அந்த மூலைவிட்டம்தான். தீவுகள் வடக்கு தெற்காக ஒரே சரம், இருபுறமும் கடல். தரையில் வைக்கும் கருவிகளும் அந்தச் சரத்திலேயே. அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடிய இடத்தில் உருவமும் அத்திசையிலேயே இழுபட்டுப்போகும்.

மருத்துவ ஸ்கேனுக்கு இந்தத் தொல்லை குறைவு, கருவி உடலைச் சுற்றி வருகிறது. ஜி.என். ராமச்சந்திரனும் (கொலாஜன் புரத ஆய்வால் சென்னைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்தான்) ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-ல் வெளியிட்ட, இப்படிப் படத்தை மீட்டெடுக்கும் கணக்குமுறை, கோணங்கள் நிறைய இருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். குறைந்தால் படமெங்கும் கீற்றுகள் விழும்.

நிலநடுக்க ஆய்வாளர்களிடம் இதற்கொரு சதுரங்கப் பலகைச் சோதனை உண்டு. கட்டம் கட்டமாக ஒரு பொய்ப் பூமியைக் கொடுத்து, இருக்கிற கருவிகளாலும் அலைப்பாதைகளாலும் அந்தக் கட்டங்கள் மீள்கின்றனவா என்று பார்ப்பார்கள். கட்டம் கலங்கிய இடத்தில் நிஜப் படத்தையும் நம்பக்கூடாது. ஆய்வுக் கட்டுரையைப் புரட்டினால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நம்பிக்கை: அப்படியானால் எல்லாமே யூகம்.

உண்மை: இல்லை. இந்தியத் தட்டு தீவுகளுக்கு அடியில் கிழக்கே சரிந்து இறங்குவது, அலை வேகமாக ஓடும் குளிர்ந்த பலகையாகப் படத்தில் தெரிகிறது. கிழக்கே போகப் போக நிலநடுக்கங்கள் ஆழத்தில் நிகழ்வதும் அதையே சொல்கிறது. சுனாமியை எழுப்பிய 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் சறுக்கியது, இந்தப் பலகையும் மேல்தட்டும் உரசும் ஆழங்குறைந்த பகுதி.