ஒரே செய்தி, பல நாளேடுகள்

நாளேடு படிப்பது நல்ல பழக்கம் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரே செய்தியை ஒவ்வொரு நாளேடும் ஒவ்வொரு விதமாகத் தருவதேன்? ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

2023 ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலவில் மெல்லத் தரையிறங்கியது. மறுநாள் நாளேடுகளில் இதுவே தலைப்புச் செய்தி.

தமிழ் நாளேடுகள் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும், அவர் தந்தையின் மகிழ்ச்சியையும் சிறப்பாக வெளியிட்டன. சோதனைக்கு நாமக்கல் மாவட்டத்து மண் பயன்பட்டதையும் நினைவூட்டின. ஆங்கில நாளேடுகள் தரையிறங்கிய முறையையும், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிரதமர் பேசியதையும் விரித்துரைத்தன. வணிக நாளேடுகள் ஏறத்தாழ 615 கோடி ரூபாய்ச் செலவையும், விண்வெளித் தொழில் நிறுவனங்களின் பங்கு விலையையும் நோக்கின. அயல்நாட்டு ஏடுகளோ, நான்கு நாட்களுக்கு முன் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியதை இதனோடு ஒப்பிட்டன.

இவற்றில் எதுவும் பொய்யன்று. தம் வாசகர் விரும்புவதை ஒவ்வோர் ஏடும் முன்னே வைக்கிறது. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி', எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் எளிய நடையை மேற்கொண்டது. நம் காரைக்குடியில் 1920-இல் பிறந்த 'தனவைசிய ஊழியன்' நகரத்தார் சமூகத்தின் முன்னேற்றத்தைக் கருத்திற்கொண்டது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விக்ரம் நிலவின் தென் துருவத்தில் இறங்கியதாகவே பல தலைப்புகள் கூறின. உண்மையில் அது இறங்கியது சுமார் 69 பாகை தென் அட்சரேகையில்; துருவத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில். காரைக்குடிக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைவிட இது அதிகம்! தலைப்பின் சுருக்கத்தில் 'அருகே' என்ற ஒரு சொல் விடுபட்டுவிட்டது. ஆகவே பல ஏடுகள் ஒன்றுபோல் சொல்வதாலேயே ஒரு செய்தி முழுதும் சரியாகிவிடாது.

நிலவைப் பற்றிய பிழையால் யாருக்கும் துன்பமில்லை. ஆனால் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது 'குற்றவாளி' என்று சுருங்கினால், ஒரு குடும்பத்தின் மானமே போய்விடும் அல்லவா?

ஆகவே தலைப்போடு நில்லாமல் செய்தி முழுவதையும் படிப்போம். நடந்தது எது, எழுதியவரின் கருத்து எது என்று பிரித்தறிவோம். நூல்நிலையத்தில் இரண்டு ஏடுகளையேனும் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பின்னரே பிறரிடம் சொல்வோம்.