ஒரு சணல் சாக்கிலிருந்து பன்னாட்டு வணிகம்

ஏற்றுமதி, இறக்குமதி, சுங்கவரி ஆகியவற்றின் வரையறைகளை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். "குறைந்த விலையில் பொருள் வந்தால் நமக்கு நல்லதுதானே, அதற்கு ஏன் வரி?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. சத்துணவுக் கூடத்திலோ வீட்டிலோ கிடைக்கும் வெறும் சணல் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து இப்பாடத்தைத் தொடங்கலாம்.

செயல்பாடு 1: இழையை அளத்தல்

சாக்கின் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து, பழைய பருத்திச் சட்டையின் இழையோடு ஒப்பிடச் செய்யுங்கள். பருத்தி நூலில் ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ, அதுவே நூலின் எண். 40-ஆம் எண் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் நீளம் இருக்கும். சணல் நூலுக்கு முறை தலைகீழ்: 14,400 கெஜம் நூல் எத்தனை பவுண்டு எடையோ, அதுவே எண். 8-ஆம் எண் சணல் நூல் பவுண்டுக்கு 1,800 கெஜம்தான். பருத்தியில் எண் கூடினால் நூல் மெல்லியது. சணலில் எண் கூடினால் நூல் தடித்தது. நேர் விகிதம், எதிர் விகிதம் நடத்தும் கணித ஆசிரியரும் இதைப் பயன்படுத்தலாம்.

செயல்பாடு 2: நிலப்படத்தில் நூலின் பாதை

வங்காளத்தின் ஆற்றுச் சமவெளி, ஸ்காட்லாந்தின் டண்டீ, கொல்கத்தாவை ஒட்டிய ஹூக்ளி ஆற்றங்கரை ஆகிய மூன்று இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். திமிங்கில எண்ணெயால் சணலைப் பதப்படுத்தி இயந்திரத்தில் நூற்கும் முறை டண்டீயில் வளர்ந்தது. கிரிமியப் போரால் ரஷ்யாவின் ஆளி நார் வரத்துத் தடைப்பட, சணலுக்குத் தேவை பெருகியது. 1855இல் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் சணல் நூற்பாலை தொடங்கியது. விளையும் இடத்துக்கு அருகிலேயே நூற்ற ஆலைகள் பின்னாளில் டண்டீயை முந்தின.

1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியாவிலும், சணல் வயல்களில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் அமைந்தன. ஒரே தொழிலின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. 1949இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. சணல் வணிகம் முடங்கியது. இந்தியா சணல் சாகுபடியைப் பெருக்கியது. கிழக்கு வங்கம் சொந்த ஆலைகளைக் கட்டியது. இன்று வங்கதேசம் சணல் நூலைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது. துருக்கியின் கம்பள ஆலைகள் அதை வாங்குகின்றன.

செயல்பாடு 3: வரி தேவையா?

ஒரு பொருளை உள்நாட்டு விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் விற்பதே பொருள் குவிப்பு. 2017 ஜனவரியில் வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் சணல் நூல், துணி, சாக்கு ஆகியவற்றுக்கு இந்தியா பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்: மேற்கு வங்க ஆலைத் தொழிலாளி, வங்கதேச ஆலைத் தொழிலாளி, நூல் வாங்கி நெய்யும் இந்திய நெசவுக்கூட உரிமையாளர், சணல் விவசாயி. வரியால் தமக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொரு குழுவும் பேசட்டும். முதல் குழு வரவேற்கும். மூன்றாவது குழு நூல் விலை ஏறிவிட்டது என்று முறையிடும். எல்லைக்கு எந்தப் பக்கத்து விவசாயி என்று நான்காவது குழு கேட்டால், பாடம் புரியத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

முடிவை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். வங்கதேசத்தவரை எதிரியாகச் சித்திரிக்கும் பேச்சு எழுந்தால், இரு பக்கத்து ஆலைகளிலும் தொழிலாளரின் கூலி இதே இழையை நம்பித்தான் இருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள்.

மதிப்பீடு

நாரை அப்படியே விற்கும் நாடு, நூலாக்கி விற்கும் நாடு, சாக்காகத் தைத்து விற்கும் நாடு: இவற்றுள் எங்கே அதிகம் பேருக்கு வேலை கிடைக்கும்? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதச் செய்யுங்கள். வரையறை மறந்துபோனாலும் இந்தக் காரணம் மாணவர் மனத்தில் நிற்கும்.