காப்பீட்டு அட்டையும் பெரியவர்களின் கண்களும்



அண்மையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் மகனுடன் நமது அலுவலகத்துக்கு வந்தார். கையில் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. "அட்டைதான் இருக்கே, கண் நல்லா மங்கினதும் ஒரேயடியா ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருந்துட்டோம்" என்றார் மகன். வாப்பாவுக்கு வந்திருந்தது கண்புரை அல்ல. கண் நீர் அழுத்த நோய். வலது கண் பார்வை போய்விட்டது, அது திரும்பாது. மீதியிருக்கும் இடது கண்ணைக் காப்பாற்றத்தான் இப்போது சிகிச்சை.

அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தது நாம் நடத்திய முகாம்தான். அட்டையைக் கொடுத்தோமே தவிர, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பாடம்.

எந்த அட்டை, யாருக்கு?

நமது மாநிலத்தில் பரவலாக இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு உரியது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றுடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். மகனைச் சார்ந்து வாழும் பெற்றோரும் இதில் சேரலாம். ஆனால் அவர்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். உம்மா நம்மோடுதான் இருக்கிறார், பெயரோ ஊரிலுள்ள பழைய கார்டில் இருக்கிறது என்ற நிலை பல வீடுகளில் உண்டு. அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, 70 வயது நிறைந்தவர்களுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. இது மத்திய அரசால் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. இதற்கு வருமான வரம்பு இல்லை, ஆதார் போதும். வயதை ஆதாரை வைத்தே கணக்கிடுகிறார்கள். பழைய தலைமுறையில் பலருக்குப் பிறந்த ஆண்டு குத்துமதிப்பாகவே பதிவாகியிருக்கிறது. அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையில் இந்த அட்டை செல்லும் என்பதை, கிளம்புவதற்கு முன்பே 14555 என்ற எண்ணில் கேட்டுக்கொள்வது நல்லது.

அட்டை எதற்கு உதவும்?

மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கும், காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் அறுவைச் சிகிச்சைக்கும் உதவும். தேசியத் திட்டத்தின் பட்டியலில் லென்ஸ் பொருத்தும் கண்புரை ஆபரேஷன், கண் நீர் அழுத்த ஆபரேஷன், சர்க்கரையால் கெட்ட விழித்திரைக்கு லேசர், விழித்திரை ஆபரேஷன் ஆகியவை உள்ளன. ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி மறுக்க முடியாது. வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவும் அதில் அடங்கும்.

எதற்கு உதவாது?

இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். வெளிநோயாளியாகப் போய்க் கண்ணைக் காட்டுவதற்கும், கண்ணாடிக்கும், மாதாமாதம் வாங்கும் சொட்டு மருந்துக்கும் அட்டை பணம் தராது. ஆபரேஷன் என்று முடிவான பிறகே அட்டைக்கு வேலை.

கண்புரை காத்திருந்தாலும் பெரும்பாலும் ஆபரேஷனில் பார்வை திரும்பிவிடும். கண் நீர் அழுத்த நோய் அப்படியல்ல. வலி இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். நேரே உள்ளது தெரிவதால் நோய் இருப்பதே தெரியாது. சர்க்கரையால் விழித்திரை கெடுவதும் தொடக்கத்தில் தெரிவதில்லை. இவ்விரண்டையும் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தப் பரிசோதனைக்குத்தான் அட்டை பணம் தருவதில்லை. ஆகவே அட்டை இருக்கிறது என்று காத்திருப்பது ஆபத்து.

பரிசோதனைக்கு எங்கே போவது?

அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவில் இலவசமாகப் பார்க்கிறார்கள். சென்னையில் உள்ளவர்களுக்கு 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 முதல் நடந்துவருகிறது. அதன் கீழ் அரசு மருத்துவமனைகளிலும், தொண்டு மருத்துவமனைகள் நடத்தும் முகாம்களிலும் கண்புரை ஆபரேஷனும் லென்ஸும் இலவசம். இதற்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை. வயதானவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி தருவதும் அத்திட்டத்தில் உண்டு; கேட்டு வாங்குங்கள்.

கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு ஒருவர் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் காட்ட வேண்டும். தாய் தகப்பனுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கண் நீர் அழுத்தம் இருந்தால் நாற்பது வயதிலிருந்தே காட்ட வேண்டும். மேலே சொன்ன பெரியவரின் மகனையும் இதற்காகவே அனுப்பிவைத்தோம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

இந்த மருத்துவமனை கண் சிகிச்சைக்காகத் திட்டத்தில் சேர்க்கப்பட்டதா? எனக்குச் செய்யும் ஆபரேஷன் பட்டியலில் உள்ளதா? எந்த லென்ஸ் வைப்பீர்கள்? அனுமதி வந்துவிட்டதா? இந்த நான்கையும் காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும் லென்ஸுக்கும் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். மாநிலத் திட்டத்துக்கு 1800 425 3993, தேசியத் திட்டத்துக்கு 14555 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

தொழுகையும் நோன்பும்

"ஆபரேஷன் செய்தால் ஸஜ்தா செய்ய முடியாதே" என்று தள்ளிப்போடும் பெரியவர்கள் நம்மில் உண்டு. மருத்துவர் குனிய வேண்டாம் என்று சொல்லும் நாட்களில் உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. விவரத்தைப் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதேபோல, ரமளானில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணில் மருந்து விடுவதால் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. கண் நீர் அழுத்தத்துக்கான மருந்தை ஒருநாளும் விடக் கூடாது.

நாம் செய்யவிருப்பது

இனி நமது முகாமில் அட்டை பதிகிறவர்களுக்குக் கண் பரிசோதனைக்கும் நாள் குறித்துக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். அழைத்துப்போக ஆளில்லாத பெரியவர்களுக்கு நமது இளைஞர்கள் துணை வருவார்கள். சொட்டு மருந்து வாங்க வசதியில்லாதவர்கள் மருத்துவர் சீட்டுடன் அலுவலகத்துக்கு வரலாம். வெளியில் தெரியாமல் உதவி செய்யப்படும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினார் என்று இன்றே கேளுங்கள். ஓராண்டுக்கு மேலாகியிருந்தால் இந்த வாரமே அழைத்துப்போங்கள்.