வாழையும் குயிலும் பெயரான கதை

"உன்னைப் பற்றி ஐந்து வரி எழுது" என்றால் பெயர், ஊர், தந்தையார் தொழில், படிக்கும் வகுப்பு என்று எழுதி முடித்துவிடுகிறோம். அவையெல்லாம் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கின்றன. சரி, கவிதையாக எழுது என்றாலோ, "நான் ஒரு ரோஜா" என்று தொடங்கிவிடுகிறோம். வகுப்பில் நாற்பது பேரும் ரோஜாவானால் யார் எவர் என்று எங்ஙனம் அறிவது? இயற்கைப் பொருள் ஒன்றைக் காட்டித் தம்மை உணர்த்துவதில் ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர்கள் வல்லவர்கள். அவர்களிடம் சிறிது பாடம் கேட்போம்.

ஹைக்கூ மிகச் சிறிய பாட்டு. ஐந்து, ஏழு, ஐந்து எனப் பகுத்த 17 ஒலியசைகளே ஜப்பானிய மொழியில் அதன் அளவு. பருவத்தைக் குறிக்கும் ஒரு சொல் அதில் வரவேண்டும் என்பது மரபு. தவளை என்றால் வசந்தம். வெறுமனே நிலா என்றால் இலையுதிர் காலம். இத்தனை சிறிய இடத்தில் "நான் இன்ன குணமுடையவள்" என்று விளக்க இடமேது? ஆகவே கவிஞர் தாம் கண்டதைக் காட்டி நிறுத்திவிடுகிறார். எதைக் கண்டார் என்பதைக் கொண்டு, கண்டவர் யார் என்று நாம் அறிகிறோம்.

ஹைக்கூவின் தலைமகனாகப் போற்றப்படும் பாஷோவையே (1644–1694) எடுத்துக்கொள்வோம். அவர் முன்னர் 'தோசெய்' என்ற புனைபெயரில் எழுதினார். பச்சைப் பீச்சுக்காய், அதாவது இன்னும் கனியாதது என்று அதற்குப் பொருள். எடோ நகரின் நடுவே கவிதை ஆசானாகப் பெயர் பெற்றிருந்தவர், 1680இல் அதைவிட்டு ஒதுங்கி, ஆற்றுக்கு அப்பால் புக்காகவா என்னும் இடத்தில் ஒரு குடிசையில் குடியேறினார். (எடோ என்பது இன்றைய டோக்கியோ.) மறு ஆண்டு சீடர் ஒருவர் வாழைக்கன்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, அது குடிசையருகே நடப்பட்டது. ஜப்பானிய மொழியில் அந்த வாழைக்கு 'பாஷோ' என்று பெயர். குடிசை வாழைக் குடில் ஆயிற்று. நாளடைவில் குடியிருந்தவரும் வாழை ஆனார்!

நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். நம் வீட்டு வாழையில் இலை, பூ, தண்டு, காய், கனி, நார் அனைத்தும் பயன்படும். குலை தள்ளிய வாழையைக் கலியாணப் பந்தலில் கட்டுகிறோம். பாஷோவின் வாழையோ உண்ணத்தக்க பழம் தராத இனம். தச்சனுக்கும் உதவாது. காற்றடித்தால் இலை நார்நாராய்க் கிழியும். அந்தப் பயனின்மைக்காகவும், எளிதில் கிழியும் இலைக்காகவுமே அதை நேசிப்பதாக அவர் உரைநடையில் எழுதி வைத்திருக்கிறார். சிங்கம், வைரம் என்று பெயர் சூட்டிக்கொள்ளத் தெரியாதவரா அவர்? கிழிந்த வாழையிலையே தமக்குப் பொருத்தம் என்று கண்டார்.

ஆண்களே நிறைந்திருந்த ஹைக்கூ உலகில் அழியாப் பெயர் பெற்ற பெண்மணி ககா நாட்டுச் சியோ (1703–1775). ஓவியச் சுருள்களைத் தாளிலும் துணியிலும் ஒட்டிப் பதிக்கும் தொழிலாளியின் மகள். விடியலில் மலர்ந்து வெயிலேறியதும் வாடிவிடும் ஒரு கொடிப்பூவையும் கிணற்றையும் பற்றிய அவருடைய பாட்டை அறியாத ஜப்பானியர் அரியர். 1754இல் அவர் பௌத்தத் துறவியானபோது ஏற்ற பெயர் 'சோயென்'. எளிய தோட்டம் என்று பொருள். துறவு பூணும்போது புதுப் பெயர் ஏற்பது நம் அருட்சகோதரியரும் அறிந்த வழக்கம் அன்றோ?

இசா (1763–1828) சிறு பிள்ளையாய் இருக்கையிலேயே தாயை இழந்தவர். முதல் மனைவியிடம் பிறந்த நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். அவர்களுள் ஒருத்தி 1819இல் அம்மை நோயால் இறந்தாள். அவர் பாடல்களில் குருவிக்குஞ்சும் நத்தையும் தவளையும் ஈயும் ஏன் அத்தனை உரிமையோடு உலவுகின்றன என்பது இப்போது விளங்கும். அவற்றில் சில வெறும் வேடிக்கை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் தாயற்ற குருவியிடம் அவர் பேசும்போது அது வேடிக்கை அன்று.

நம் உள்ளத்தை மிகவும் தொடுபவர் ஷிகி (1867–1902). 'ஹைக்கூ' என்ற பெயரை இப்பாவகைக்கு நிலைநாட்டியவர் இவரே. 1889இல், தம் 22ஆம் வயதில், இருமலோடு இரத்தம் கக்கினார். காசநோய்! ஜப்பானில் ஹொதொதொகிசு என்றொரு குயிலினப் பறவை உண்டு. தொண்டையில் இரத்தம் வரும்வரை கூவும் என்பது அங்கே பழங்கதை. அப்பறவையைக் குறிக்கும் எழுத்துகளின் மற்றொரு உச்சரிப்பே 'ஷிகி'. அதையே தம் பெயராக்கிக்கொண்டார். "நான் நோயாளி" என்று அவர் புலம்பவில்லை. நோய் முற்றிப் படுக்கையோடு கிடந்த ஆண்டுகளில், தோட்டத்தில் தெரிந்த கோழிக்கொண்டைப் பூவையும் பீர்க்கினக் கொடியையும் பாடினார். அக்கொடியின் சாறு சளிக்கு மருந்து. இறப்பதற்கு முன்னாள் எழுதிய கடைசி மூன்று பாட்டுகளும் அதைப் பற்றியவையே. அவர் மறைந்த செப்டம்பர் 19ஆம் நாளை அந்தக் கொடியின் பெயராலேயே இன்றும் நினைவுகூர்கின்றனர்.

தமிழருக்கு இவ்வழி புதியதன்று. ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் எழுதினார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே, சொல்லாமல் உவமையை உணர்த்துவதை 'உள்ளுறை' என்று தொல்காப்பியம் வகுத்துவிட்டது. குறுந்தொகைப் புலவர் சிலருக்கு இயற்பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் கண்ட காட்சியே அவர்களுக்குப் பெயர்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார். பாஷோ தாமே பெயர் வைத்துக்கொண்டார். இவர்களுக்கோ பிற்காலத்தார் வைத்தனர். ஊரும் பெற்றோரும் மறைந்தபின்னும், ஆளற்ற முற்றத்தில் விளையாடும் அணிலைப் பார்த்த கண் மட்டும் மறையவில்லை.

இனி நாம் எழுதிப் பார்ப்போம். தமிழில் 17 அசையை எண்ணி வருந்த வேண்டாம். மூன்று சிறு வரிகள் போதும். 'போல' வேண்டாம். கூடுமானால் 'நான்' என்பதும் வேண்டாம். கிராமத்திலிருந்து புதிதாய் விடுதிக்கு வந்த ஒரு சிறுமி இப்படி எழுதலாம்:

கிணற்றுச் சுவர் விரிசல்
அரசங்கன்று ஒன்று
இரண்டே இலை

கூச்சமுள்ள ஒருத்தி இப்படி:

எல்லோரும் போய்விட்டார்கள்
மெல்ல விரிகிறது
தொட்டாற்சுருங்கி

முதற்பாட்டில் 'இரண்டே' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்; அச்சிறுமியின் தனிமையும் கூடவே போய்விடும். அரசு சுவரையே பிளக்கவல்லது என்பதையும் மறவாதீர்கள். அவள் அதைச் சொல்லவில்லை; மரம் அறியும்.

பள்ளி வளாகத்தில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து ஒரு வாரம் நாள்தோறும் பாருங்கள். எறும்புப் புற்றாகவோ, கிளை வெட்டப்பட்ட வேம்பாகவோ இருக்கலாம். பிறகு எழுதுங்கள். தாளில் பெயர் இடாமல் ஆசிரியையிடம் கொடுங்கள். அவர் வகுப்பில் படிக்கட்டும். எழுதியவள் யார் என்று தோழியர் கண்டுபிடிக்கட்டும்.