மிகையான மாதவிடாய் இரத்தப்போக்கு: ஹார்மோன் இல்லாத மருந்துகள்

ஆஸ்திரேலியாவில் குழந்தைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மாதவிடாயின்போது இரத்தப்போக்கு மிகையாக உள்ளது. தாயும் பாட்டியும் பொறுத்துக்கொண்டதைத் தாமும் பொறுக்கவே வேண்டும் என்று எண்ணிப் பல பெண்கள் மருத்துவரை நாடுவதில்லை. ஹார்மோன் மாத்திரைதான் தருவார்கள் என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உள்ளன என்பதை அனைவரும் அறிதல் நலம்.

எது மிகை?

அன்றாட வாழ்வைக் குலைக்கும் எந்த இரத்தப்போக்கும் மிகையே. அதன் அடையாளங்கள்:

• ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பஞ்சுத்துணியை (பேட்) மாற்ற நேர்தல்
• 50 சத நாணயத்தைவிடப் பெரிய இரத்தக்கட்டிகள் வெளியேறுதல்
• எட்டு நாள்களுக்கு மேல் நீடித்தல்
• வேலைக்கோ பள்ளிக்கோ செல்ல இயலாமை

தொடர்ந்த இழப்பால் உடலில் இரும்புச்சத்து குறையும். ஓயாத களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல் ஆகியவை அதனால் விளையலாம். எளிய இரத்தப் பரிசோதனையால் இதனைக் கண்டறியலாம்.

டிரானெக்சாமிக் அமிலம்

இரத்தம் உறைந்து உண்டாகும் அடைப்பு விரைவில் கரைந்துவிடாமல் இம்மருந்து தடுக்கிறது. 1962ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர்களான உத்தாகோ ஒகாமோத்தோ, ஷோசுகே ஒகாமோத்தோ தம்பதியர் இதனை உலகுக்கு அறிவித்தனர். இரத்தப்போக்கைப் பாதியளவு வரை இது குறைக்கக்கூடும். மாதம் முழுவதும் உண்ண வேண்டியதில்லை. போக்கு மிகுந்துள்ள முதல் மூன்று, நான்கு நாள்களுக்கு மட்டும் போதும். பொதுவாக 500 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டு, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை தரப்படும். அளவை மருத்துவரே முடிவு செய்வார். இது கருத்தடை மருந்தன்று. ஆதலால் குழந்தையை எதிர்பார்த்து முயல்வோருக்கும் ஏற்றதாகலாம். வலியை இது தணிக்காது.

கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு, பக்கவாதம், சிறுநீரக நோய், வலிப்பு நோய் ஆகியவற்றுள் எதுவும் இருப்பின், அல்லது கருத்தடை மாத்திரை உட்கொண்டு வந்தால், முன்னதாகவே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். பார்வையில் மாற்றம் தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

வலியையும் தணிக்கும் மருந்துகள்

மெஃபனாமிக் அமிலம், இபுப்ரோஃபன், நாப்ராக்சன் ஆகியவை இரத்தப்போக்கை ஓரளவு குறைப்பதோடு வயிற்று வலியையும் தணிக்கும். இவற்றை உணவுடன் உட்கொள்ள வேண்டும். குடற்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும், ஆஸ்பிரினால் ஆஸ்துமா தூண்டப்படுபவர்களும், இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்பவர்களும் இவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

காரணத்தை அறிதல்

மருந்து இரத்தப்போக்கைக் குறைக்கும், காரணத்தை நீக்காது. கருப்பையில் நார்க்கட்டி, தைராய்டுக் குறைபாடு, இரத்தம் உறைதலில் குறை போன்றவை உள்ளனவா என்று மருத்துவர் ஆராய்வார். மாதவிடாய் நின்றபின் தோன்றும் இரத்தப்போக்கையும், இடைநாள்களில் அல்லது உடலுறவுக்குப்பின் தோன்றுவதையும் மருந்தால் மூடி மறைக்காமல் பரிசோதித்தே ஆக வேண்டும்.

மருத்துவரைக் காணுமுன்

இரண்டு மாத காலம் நாள்தோறும் மாற்றிய பஞ்சுத்துணிகளின் எண்ணிக்கையையும் களைப்பையும் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்தல் பயன்தரும். உண்டு வரும் மருந்துகளின் பெயர்களையும், ஊரிலிருந்து கொணர்ந்த மூலிகைகள் உட்பட, எடுத்துச் செல்ல வேண்டும்.

இத்தகைய செய்திகளை மகளோ மகனோ மொழிபெயர்க்க நேர்ந்தால் முக்கியமானவை சொல்லப்படாமலே போகும். ஆதலின் முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை எனக் கூறலாம். பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். மொழிபெயர்ப்புச் சேவையின் தொலைபேசி எண்: 131 450.

ஒரு மணி நேரத்திற்கு ஒன்றாகப் பஞ்சுத்துணி தொடர்ந்து நனைவதோடு மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ தோன்றினால் 000 எண்ணை அழைத்தல் வேண்டும்.