நழுவியவரை நிலைநிறுத்தல்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஐந்தாவது உபகூஹனம், ஆறாவது ஸ்திதிகரணம். பிறர் குறையை அம்பலப்படுத்தாது காத்தல் முன்னது; நெறியினின்றும் நழுவுவோரை மீண்டும் நிலைநிறுத்துதல் பின்னது. ஆலயத்தில் சிறுவர்க்கு இவற்றைப் பல்லாண்டுகள் பாடமாகச் சொல்லி வந்தவள் யான். ஆயினும் இவ்விரண்டிற்கும் உள்ள உறவை எனக்குக் கற்பித்தவன், எட்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்த என் தம்பியே.

மது, ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் நம் இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். அத்தகைய குடும்பத்தில் பிறந்தவன் பணி நிமித்தம் வெளியூர் சென்று குடிக்கத் தொடங்கினான். எங்களுக்கு முதலில் உண்டானது துயரமன்று, நாணம். ஊரார் அறியாதவாறு மறைத்தோம். 'வயிற்றுவலி' என்று அவனுடைய அலுவலகத்திற்கு விடுப்புக் கடிதம் எழுதித் தந்தவள் யானே. (என் கையெழுத்து அழகானது என்ற பெருமை வேறு!) கடன்களை அம்மா தம் வளையல்களை அடகு வைத்து அடைத்தார். இதுவே உபகூஹனம் என்று எண்ணியிருந்தேன். குறையை மறைத்தோமேயன்றி, மறைவில் திருத்துவதற்கு யாதும் செய்தோமில்லை. ஒவ்வொரு கடிதமும் அவன் மேலும் ஒருநாள் குடிக்க இடந்தந்தது.

ஒருமுறை அவனை அறையிலிட்டுப் பூட்டினோம். இரண்டாம் நாள் கைகள் நடுங்கின; வலிப்புக் கண்டது; சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகக் கூவினான். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் இவ்வாறு நேரக்கூடும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இதனை அறியாமல் செய்தோம். அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கு அவனைக் காண ஒருவர் வந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பைச் சார்ந்தவர். அவரும் முன்பு குடித்தவர். அறிவுரை ஒன்றும் கூறாமல் தம் கதையைச் சொன்னார். பின் அந்த அமைப்பு பிறந்த கதையையும் சொன்னார். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தங்கியிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றது. விடுதியின் மதுக்கூடத்து ஆரவாரம் அவரை இழுத்தது. தாம் தப்ப வேண்டுமாயின் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று உணர்ந்து தொலைபேசியை எடுத்தார். அவ்வாறு சந்தித்தவர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால்மணி நேரம் மட்டுமே என்று ஒப்பி வந்தவர், ஐந்து மணி நேரத்திற்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அம்மருத்துவர் இறுதியாகக் குடித்த 1935 ஜூன் 10, அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. அவர் 1950-லும் வில்சன் 1971-லும் மறையும்வரை மீண்டும் குடிக்கவில்லை.

என் தம்பி அதன்பின் இருமுறை வழுக்கினான். மூன்றாம் முறை நின்றான், இறுதிவரை நின்றான். இரவு எந்நேரம் அழைப்பு வந்தாலும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவான். "உனக்கேன் இந்த அலைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன். "அக்கா, அவர்களுக்கு உதவி செய்யவா போகிறேன்? இன்றைக்கு நான் குடிக்காமல் இருப்பதற்குத்தான் போகிறேன்" என்றான்.

ஸ்திதிகரணத்திற்குச் சமந்தபத்திராசாரியார் எடுத்துக்காட்டாகக் குறிப்பது சிரேணிக மன்னரின் மைந்தர் வாரிசேணரை. மனைவியின் நினைவால் தடுமாறிய நண்பர் துறவியை வாரிசேணர் கடிந்துகொண்டாரா? இல்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்தவற்றைக் காட்டினார். தம் வாழ்வையே திறந்து காட்டும் இம்முறை எனக்குப் பாடநூலில் விளங்கவில்லை. தம்பி ஒரு குடிநோயாளியின் திண்ணையில் அமர்ந்து, தான் அம்மாவின் வளையலைப் போக்கிய கதையைச் சொல்லக் கேட்டபோதுதான் விளங்கிற்று. பிறர் கதையை மட்டும் அவன் வீட்டில் சொன்னதேயில்லை. நானும் துருவிக் கேட்டதுண்டு, சிரித்துவிடுவான்.

அவன் இறந்த அன்று, நாங்கள் அறியாத பலர் வந்து வாசலில் நின்றனர். எவரும் தம் பெயரைச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் என்னருகே வந்து, "அம்மா, அந்த விடுப்புக் கடிதம் எழுதிய டீச்சர் நீங்கள்தானா?" என்று வினவினார்.

ஆம் என்றேன்.

"என் மனைவியும் எழுதிக்கொண்டிருந்தாள். உங்கள் கதையைக் கேட்டபின் நிறுத்திவிட்டாள்" என்றார்.