ரெகவரி ரைடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடுமையாக சைக்கிள் ஓட்டிய மறுநாள், 30 முதல் 60 நிமிடம் வரை, லேசான கியரில், மூச்சு வாங்காத வேகத்தில் ஓட்டுவதை ரெகவரி ரைடு என்கிறார்கள். போட்டி, மலையேற்றம், இன்டர்வல் பயிற்சி, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரெவே போன்ற ஓட்டங்களுக்குப் பிறகு களைத்த கால்களைத் தேற்றுவதற்காகவே இது பயிற்சி அட்டவணையில் இடம்பெறுகிறது. அமெரிக்க உடற்பயிற்சி உடலியலாளர் ஆண்ட்ரூ காகன் வகுத்த பவர் மண்டலங்களில் முதல் மண்டலம் இதற்குரியது. ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய உச்ச சக்தியை எஃப்டிபி என்று அழைக்கிறார்கள். அதில் 55 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் முதல் மண்டலம். எஃப்டிபி 200 வாட் உள்ளவருக்கு இந்த வரம்பு 110 வாட்.

இவ்வளவு எளிமையான பயிற்சியைச் சுற்றிப் பல தவறான நம்பிக்கைகள் படிந்துள்ளன. சில, நூறாண்டுக்கு முந்தைய ஆய்வகக் கருத்துகளின் எச்சம். சில, தொழில்முறை வீரர்களின் பழக்கத்தை அப்படியே பின்பற்றியதால் வந்தவை.

நம்பிக்கை 1: தசையில் தங்கிய லாக்டிக் அமிலத்தை ரெகவரி ரைடு வெளியேற்றுகிறது

உண்மை: மறுநாள் காலையில் வெளியேற்றுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஓய்வில் இருப்பவரின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கும். முழு வேகத்தில் ஓட்டும்போது அது பத்து மடங்குக்கு மேலும் உயரலாம். ஆனால் ஓட்டத்தை முடித்தவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், ஓரிரு மணி நேரத்துக்குள் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும்.

லாக்டேட்டைக் கழிவாகப் பார்க்கும் வழக்கத்தின் வேர் 1907இல் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சர், ஹாப்கின்ஸ் இருவரும் தவளைத் தசைகளை ஆராய்ந்து, ஆக்சிஜன் இல்லாமல் சுருங்கும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். சேர்கிற பொருள்தான் களைப்புக்குக் காரணம் என்ற முடிவு பிறகு பாடநூல்களில் ஊன்றிவிட்டது. 1980களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் புரூக்ஸ் இந்தப் பார்வையை மாற்றினார். ஒரு தசை இழையில் உருவாகும் லாக்டேட்டை அருகிலுள்ள இழைகளும் இதயமும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு பகுதியைக் கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. லாக்டேட் உடலுக்குள் இடம் மாறிப் பயன்படும் எரிபொருள். அது தேங்கி நிற்கும் கழிவு அல்ல.

இந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மை உண்டு. கடும் ஓட்டம் முடிந்த உடனேயே லேசாக மிதித்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட லாக்டேட் வேகமாகக் குறைகிறது. ஒரே நாளில் அடுத்தடுத்துப் பல பந்தயங்களில் இறங்கும் வெலோட்ரோம் வீரர்கள் இடைவேளையில் ரோலர் மீது மிதிப்பதற்கு இது ஒரு காரணம். மறுநாள் காலை ஓட்டத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

நம்பிக்கை 2: மறுநாள் கால்வலிக்குக் காரணமும் அதே அமிலம்தான்

உண்மை: இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு 1983இல் வெளியானது. பங்கேற்றவர்கள் டிரெட்மில்லில் 45 நிமிடம் ஓடினார்கள், ஒரு முறை சமதளத்தில், ஒரு முறை 10 சதவீதச் சரிவில் இறங்குமுகமாக. சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் உயர்ந்தது, ஆனால் அடுத்த நாட்களில் குறிப்பிடத்தக்க வலி வரவில்லை. இறங்குமுகமாக ஓடியபோது லாக்டேட் உயரவே இல்லை, ஆனால் கால்கள் வலித்தன. வலிக்கும் லாக்டேட்டுக்கும் தொடர்பில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடையும் இந்த வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தாலும் அதைத் தொடரும் அழற்சியாலும் வருகிறது. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் அசைவுகளே அத்தகைய சேதத்தை அதிகம் உண்டாக்குகின்றன. படியிறங்குவது, மலையிலிருந்து ஓடி இறங்குவது போன்றவை இவ்வகை. சைக்கிள் மிதிப்பதில் தொடைத் தசை பெரும்பாலும் சுருங்கியபடியேதான் வேலை செய்கிறது. அதனால்தான் ஐந்து மணி நேரம் சைக்கிள் ஓட்டியவருக்கு, மாரத்தான் ஓடியவருக்கு வருவது போன்ற கடும் வலி பெரும்பாலும் வருவதில்லை. சைக்கிளோட்டி மறுநாள் உணரும் கனத்துக்குப் பெரும் பங்கு காரணம், தசையில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைகோஜன் இருப்பு தீர்ந்ததும் நீரிழப்பும் தூக்கக் குறைவும்தான்.

நம்பிக்கை 3: ரெகவரி ரைடு தசையைச் சீக்கிரம் சரிசெய்கிறது

உண்மை: சீரமைப்பு வேலையைச் செய்பவை உணவும் தூக்கமும் நேரமும். லேசாக மிதிக்கும்போது இரத்த ஓட்டம் கூடுகிறது, இறுக்கம் தளர்கிறது, கால் லேசானது போல் இருக்கிறது. இந்த உணர்வு உண்மையானது. ஆனால் அது பெரும்பாலும் தற்காலிகமானது.

பயிற்சியின் இறுதியில் செய்யும் லேசான தணிப்பு ஓட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து வான் ஹூரன், பீக் இருவரும் 2018இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். லாக்டேட் விரைவாகக் குறைகிறது, ஆனால் அன்றும் மறுநாளும் விளையாட்டுத் திறன் பெரிதாகக் கூடுவதில்லை, காயங்களும் குறைவதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டு வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, லேசான இயக்கம் தசைவலியைக் குறைக்க உதவுவதாகக் கண்டது. களைப்பு, வலி இரண்டுக்கும் அதிகம் பயன்பட்டது மசாஜ் என்றும் அது தெரிவித்தது. ஆக, ரெகவரி ரைடு ஆறுதல் தரும். அதை மருந்தாக நம்பத் தேவையில்லை.

நம்பிக்கை 4: மெதுவாக ஓட்டினால் போதும், இரண்டாம் மண்டலமும் ரெகவரிதான்

உண்மை: மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு இதுதான். எஃப்டிபியில் 56 முதல் 75 சதவீதம் வரையுள்ள இரண்டாம் மண்டலம் தாங்குதிறனை வளர்க்கும் பயிற்சி. அதில் மூன்று மணி நேரம் ஓட்டினால் கிளைகோஜன் கணிசமாகச் செலவாகிறது. நல்ல பயிற்சிதான், ஆனால் ஓய்வு நாளுக்குரியது அல்ல.

வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாறிவிடலாம். ஓட்டுநரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று கொள்வோம். 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு வெறும் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே 110 வாட் அளவுக்குச் சக்தி வேண்டும். அதாவது, எஃப்டிபி 200 வாட் உள்ளவர் ஒரு மேம்பாலத்தில் மெதுவோட்ட வேகத்தில் ஏறும்போதே ரெகவரி வரம்பைத் தொட்டுவிடுகிறார். எதிர்க்காற்றும் இதே வேலையைச் செய்யும். வெயில் இதயத்தைச் சோதிக்கிறது. அதே வாட்டில் மிதித்தாலும், உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கித் திரும்புவதால் இதயத்துடிப்பு உயர்கிறது. தமிழ்நாட்டுக் கோடையில் காலை பத்து மணிக்குப் புறப்படும் ரெகவரி ரைடு பெயரளவில்தான் ரெகவரி.

குழுவாகப் போவதிலும் இந்த ஆபத்து உண்டு. முன்னால் போகிறவர் சற்று வேகம் கூட்டினால் பின்னால் வருகிறவர் விட்டுக்கொடுப்பதில்லை. அரை மணி நேரத்தில் லேசான ஓட்டம் பந்தயமாக மாறிவிடும்.

எல்லையை ஏன் இவ்வளவு கறாராகக் காக்க வேண்டும் என்பதற்கு ஸ்டீஃபன் சீலர் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு விளக்கம் தருகிறது. நன்கு பயிற்சி பெற்றவர்கள், மூச்சு தெளிவாக வேகமெடுக்கத் தொடங்கும் தீவிரமான முதல் மூச்சு வரம்புக்குக் கீழே பயிற்சி செய்தால், அவர்களின் தன்னியக்க நரம்பு மண்டலம் சில நிமிடங்களிலேயே சமநிலைக்குத் திரும்பியது. வரம்பைத் தாண்டிப் பயிற்சி செய்தபோது அந்த மீட்சி குறிப்பிடத்தக்க அளவு தாமதமானது.

பவர் மீட்டர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. முழு வாக்கியங்களாகத் தடையின்றிப் பேச முடிய வேண்டும். மிதியின் மீது கால் அழுத்துவதாகவே தோன்றக் கூடாது. முன்பக்கச் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரிய பல்சக்கரம், ஏற்றமில்லாத சாலை, முடிந்தால் தனியாக. இவ்வளவு போதும்.

நம்பிக்கை 5: டூர் டி பிரான்ஸ் வீரர்கள் ஓய்வு நாளிலும் ஓட்டுகிறார்கள், ஆகவே எல்லோரும் ஓட்ட வேண்டும்

உண்மை: டூர் டி பிரான்ஸ் 23 நாட்களில் 21 கட்டங்களாக நடக்கிறது. இடையில் இரண்டே ஓய்வு நாட்கள். அந்த நாட்களிலும் வீரர்கள் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை லேசாக ஓட்டுவது வழக்கம்தான். ஆனால் அவர்கள் அன்றாடம் நான்கைந்து மணி நேரம் போட்டியிடுபவர்கள். ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குச் சுமையில் பெரிய குறைப்பு. மறுநாள் மீண்டும் போட்டியில் இறங்க வேண்டியிருப்பதால் உடலின் தாளம் குலையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மசாஜ், சமைத்துப் பரிமாறப்படும் உணவு, பகல் தூக்கம் எல்லாம் அவர்களின் வேலையின் பகுதி.

வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஓட்டுபவருக்கு அதே ஒன்றரை மணி நேரம் வாரப் பயிற்சியில் கால் பங்கு. அலுவலகமும் வீட்டு வேலையும் அதற்கு மேல். அவருக்குக் கூடுதலாக ஒன்றரை மணி நேரத் தூக்கமே பெரிய மருந்து.

நம்பிக்கை 6: ஒரு நாள் முழு ஓய்வு எடுத்தால் உடல்திறன் சரிந்துவிடும்

உண்மை: பயிற்சி உடலுக்குச் சுமையைத் தருகிறது. அந்தச் சுமைக்கு ஏற்ப உடல் வலுப்படுவது ஓய்வில்தான். ஒரு நாளோ இரண்டு நாளோ சைக்கிளைத் தொடாமல் இருப்பதால் எந்த இழப்பும் இல்லை. பயிற்சியை முழுவதும் நிறுத்தி இரண்டு வாரம் ஆகும்போதுதான் ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறனில் தெளிவான சரிவு தெரியத் தொடங்குகிறது. மறுபக்கம், ரெகவரி ரைடும் உடல்திறனைக் கூட்டுவதில்லை. அதன் தீவிரம் மிகக் குறைவு, நேரமும் குறைவு. ஆகவே முழு ஓய்வா, லேசான ஓட்டமா என்பது விருப்பத்தைப் பொறுத்தது. 13 மணி 30 நிமிட வரம்புக்குள் 200 கிலோமீட்டர் பிரெவேயை முடித்து, தூக்கம் கெட்டு எழுந்தவருக்கு முழு ஓய்வே பொருத்தம். உட்கார்ந்தே இருந்தால் கால் இறுகுகிறது, மனமும் சோர்கிறது என்பவருக்கு அரை மணி நேர ஓட்டம் நல்லது. கடைக்குச் சென்று வருவதும், பிள்ளையோடு தெருவைச் சுற்றி ஓட்டுவதும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

நம்பிக்கை 7: லேசான நாளில் குறைவாகச் சாப்பிடலாம்

உண்மை: 100 வாட் அளவில் 40 நிமிடம் மிதித்தால் செலவாவது ஏறத்தாழ 240 கிலோ கலோரிதான். அன்று உடல் கேட்கும் உணவு முந்தைய நாளின் கணக்கைச் சேர்ந்தது. காலியான கிளைகோஜன் இருப்பு நிரம்ப, போதிய மாவுச்சத்துடன் சுமார் 24 மணி நேரம் தேவை. சில மணி நேரத்திலேயே மீண்டும் ஓட்ட வேண்டியவர்களுக்கு, முதல் நான்கு மணி நேரத்தில் மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 60 முதல் 72 கிராம். அடுத்த நாள் ஓய்வு என்றால் அவசரம் இல்லை. அன்றாட உணவில் சோறு, இட்லி, வாழைப்பழம் இவற்றோடு பருப்பு, முட்டை, தயிர் போன்ற புரதம் போதிய அளவில் இருந்தால் போதும். எடை குறைக்க நினைப்பவர்கள் கடும் ஓட்டத்துக்கு மறுநாள் பட்டினி கிடந்தால், அதன் விலையை அடுத்த பயிற்சியில் கொடுக்க நேரும்.

நம்பிக்கை 8: எந்த வலியும் மிதித்தால் போய்விடும்

உண்மை: இரு தொடைகளிலும் சமமாகப் பரவி, நாளுக்கு நாள் குறையும் மந்தமான வலி இயல்பானது. ஒரு முழங்காலில் மட்டும் குத்தும் வலி, மிதிக்க மிதிக்கக் கூடும் வலி, மூட்டு வீக்கம் ஆகியவை காயத்தின் அடையாளங்கள். அப்போது ஓட்டக் கூடாது. காய்ச்சல் இருந்தாலும் ஓட்டக் கூடாது. காலையில் எழும்போதுள்ள இதயத்துடிப்பு வழக்கத்தைவிடப் பல நாட்கள் உயர்ந்தே இருப்பது, தூக்கம் கெடுவது, எரிச்சல், வழக்கமான வேகம் வராமல் போவது ஆகியவை சேர்ந்து வந்தால், பயிற்சி உடலின் தாங்கு அளவை மீறுகிறது என்று பொருள். அதற்கு ஒரு ரெகவரி ரைடு போதாது, பல நாள் ஓய்வு வேண்டும். கடும் ஓட்டத்துக்குப் பின் தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த எட்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு எளியது. ரெகவரி ரைடின் மதிப்பு, உடல் தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் வேலைக்கு இடையூறு செய்யாமல் கால்களை அசைக்க விடுவதில்தான் இருக்கிறது. அந்த இடையூறு நேராமல் இருக்க, ஓட்டம் உண்மையிலேயே லேசாக இருக்க வேண்டும். 30 முதல் 60 நிமிடம், எஃப்டிபியில் 55 சதவீதத்துக்குக் கீழ், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். இந்த எல்லைக்குள் நிற்க மனமில்லாத நாளில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தூங்குவதே மேல்.